நம் ஊர்ப் பாடத்தை நாமே எழுதுவோம்

தக்கலையில் பஸ் ஏறினால் மார்த்தாண்டம், குழித்துறை தாண்டி ஒரு மணி நேரத்தில் களியக்காவிளை. சோதனைச் சாவடியைக் கடந்தால் பாறசாலை, கேரளம். அங்குள்ள பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் இருக்கிறது. பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, யார் நிலம் கொடுத்தார்கள், யார் யார் தலைமையாசிரியராக இருந்தார்கள், ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததாகச் சொல்கிறார்கள், பிள்ளைகள் எழுதிய கதையும் கவிதையும் எவை என்பதெல்லாம் அதில் வரலாம். எழுதுகிறவர்கள் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும்தான்.

ஸ்கூல்விக்கி என்று அதற்குப் பெயர். 2009இல் தொடங்கியது. கேரளப் பொதுக்கல்வித் துறையின் கீழ் இயங்கும் கைட் நிறுவனம் அதை நடத்துகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. பள்ளியின் வரலாற்றோடு, ‘என் நாடு’ என்று ஊரைப் பற்றி எழுத ஒரு பகுதி, நாட்டார் வழக்குகளைத் திரட்டி வைக்க ஒரு பகுதி, பள்ளிப் பத்திரிகைக்கு ஒரு பகுதி. 2020இல் கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தபோது ‘அக்ஷரவிருக்ஷம்’ என்ற பெயரில் அவர்களை எழுதச் சொன்னார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கதை, கவிதை, கட்டுரைகள் ஸ்கூல்விக்கியில் ஏறின. மலப்புறம் மாவட்டத்தில், கைட்டின் முந்தைய வடிவமான ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் பயிற்றுநராக இருந்த சபரீஷின் நினைவாகச் சிறந்த பக்கங்களுக்கு விருதும் கொடுக்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே தரத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது. பெயரும் ஒரு படமும் போட்டு அப்படியே நின்றுபோன பக்கங்களும் உண்டு. ஆனால் பக்கம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரும் ஆசிரியர் அதிலிருந்து தொடரலாம்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒன்று கிடையாது.

1956 நவம்பர் 1 வரை தக்கலையும் பாறசாலையும் ஒரே அரசின் கீழ் இருந்த ஊர்கள். 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று நீட்டு என்ற அரசாணையை வெளியிட்டபோது அது இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பள்ளிக்கூடங்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் தக்கலைப் பிள்ளை தன் ஊரைப் பற்றி ஒரு திட்டப்பணி எழுத வேண்டுமென்றால், நெட் சென்டரில் போய் எதையோ தேடி எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, அட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிறது. ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார். ஆண்டு முடிந்ததும் அந்தக் காகிதக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அத்தனை பிள்ளைகளின் உழைப்பும் ஆண்டுதோறும் இப்படி எடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

எழுத என்ன இருக்கிறது?

தக்கலையில் எழுதுவதற்கு விஷயம் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. தென்காசியில் பிறந்து, நெசவு செய்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சூஃபி ஞானி பீர்முகமது அப்பா இங்கேதான் அடங்கியிருக்கிறார். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஊர் கூடி இரவெல்லாம் பாடுகிறது. பாடலின் அச்சுப்பிரதி எங்கும் கிடைக்கலாம். அதை எந்த ராகத்தில், யார் முன்னெடுக்க, எந்த முறையில் பாடுகிறார்கள் என்பது பாடுகிறவர்களிடம்தான் இருக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனை, 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் அரசின் இருப்பிடம். இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் தமிழ்நாட்டுக் கட்டடம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாயின் கல்லறை அதற்குள்ளே இருக்கிறது. புலியூர்க்குறிச்சிதான் ‘புத்தம் வீடு’ நாவல் எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனின் ஊரும். 1954 ஆகஸ்ட் 11 அன்று, குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள்மேல் தக்கலையிலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அந்த நாளைச் சிறுவர்களாகக் கண்டவர்கள் இப்போது எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அரண்மனையும் போரும் அல்லாத விஷயங்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஆள் எந்தச் சாய்வில் கத்தி வைக்கிறார், மழைக்காலத்தில் என்ன செய்கிறார்? மரச்சீனியில் எத்தனை இனம் இங்கே நடப்பட்டது, எதை அவிக்கலாம், எதை வெட்டிக் காயவைக்க வேண்டும்? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழையின் கன்றை எப்படித் தேர்கிறார்கள்? வேளிமலை அடிவாரத்துக் குளங்களின் பெயர்கள் என்ன? தக்கலையை உள்ளடக்கிய கல்குளம் வட்டத்தின், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கும் சொற்கள் எவை? மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் எழுதும் சென்னைக் குழு இதையெல்லாம் எழுத முடியாது. எழுதவில்லை என்று அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. இது இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எழுத வேண்டிய பாடம்.

மேலிருந்து வருவதும் கீழிருந்து வளர்வதும்

தமிழ்நாட்டு அரசு இணையவழிக் கல்விக்கு நிறையச் செய்திருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு. அலைபேசியைக் காட்டினால் காணொளி. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2023இல் மணற்கேணி செயலி. பாடநூல்கள் முழுவதும் பிடிஎஃப் வடிவில் காசில்லாமல் கிடைக்கின்றன. இவை நல்ல பணிகள். மலையோரத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ஒரே காணொளி கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் இவை எல்லாமே ஒரு பக்கமாக ஓடுபவை. தக்கலையில் உயிரியல் நடத்தும் ஆசிரியை, தாவரவியல் பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டை மாற்றி வேளிமலையில் காணும் செடியை வைத்துத் திரும்ப எழுதி, அதை அடுத்த பள்ளி ஆசிரியருக்கும் கிடைக்கச் செய்ய வழியில்லை. பாடநூலின் உரிமை அரசிடம் இருக்கிறது. பதிவிறக்கலாம், படிக்கலாம், திருத்தி வெளியிடக் கூடாது. பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கித் தளங்களில் போடப்படும் எழுத்துக்குப் பொதுவாக வேறு உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைச் சேர்ந்த அந்த உரிமத்தின்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கக்கூடச் செய்யலாம். மூலம் யாருடையது என்று சொல்ல வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஆசிரியர் தயாரித்த பாடத்தை இன்னொருவர் வளர்த்தெடுப்பதற்கு இது போதும்.

இந்த எண்ணத்தோடு உலக அளவில் நடந்த முயற்சிகள் பல. 2001இல் விக்கிப்பீடியா, 2003இல் பாடநூல்களுக்கான விக்கிநூல்கள், 2006இல் விக்கிப்பல்கலைக்கழகம். அதே 2006இல் கல்வியாளர் வேய்ன் மேக்கின்டாஷ், காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பின் துணையோடு விக்கிஎஜுகேட்டர் என்ற தளத்தைத் தொடங்கினார். ஆசிரியர்களுக்கு இலவசமாக விக்கி எழுதப் பழக்குவோம், பதிலுக்கு அவர்கள் ஒரு பாடம் எழுதிக் கொடுக்கட்டும் என்பது அவர்கள் வைத்த ஏற்பாடு. இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் அதில் பங்கெடுத்தார்கள். கலைக்களஞ்சியம் பெரும் வெற்றி கண்ட அளவுக்குப் பாடநூல் விக்கிகள் வளரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கலைக்களஞ்சியத்தில் ஒருவர் ஒரு வரி சேர்த்தாலும் அது பயன்படும். பாடநூலுக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே கையின் ஒழுங்கு வேண்டும். நூறு பேர் ஆளுக்கொரு பத்தி எழுதினால் அந்த ஒழுங்கு வராது. ஆகவே தக்கலை ஆசிரியர்கள் விக்கியில் முழுப் பாடநூல் எழுத உட்கார வேண்டாம் என்றே சொல்வேன். பாடநூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஊர்ப் பக்கங்களை எழுதட்டும்.

தமிழில் இதற்கான அடித்தளம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும் பகுதியைச் சுமந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் போன்றவர்கள் அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதும் நடைக்கு வழி வகுத்தார்கள். 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. இன்று 1,70,000ஐத் தாண்டிவிட்டது. விக்சனரி என்ற அகராதியில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்.

2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி வைத்தது. 2017இல் பள்ளிக்கல்வித் துறை மாவட்டங்களில் ஆசிரியர்களைத் திரட்டி விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தது. இரண்டும் பாராட்டத் தக்கவை. இரண்டிலும் ஒரே குறைதான்: போட்டியும் பயிற்சியும் முடிந்த பிறகு ஆசிரியரின் அன்றாட வேலைக்குள் விக்கிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. கேரளத்தில் பள்ளிக்கு ஒரு பக்கம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், அவரைக் கேட்க மாவட்டத்தில் ஓர் ஆள் என்று ஏற்பாடு இருக்கிறது. தொடர்ச்சிக்குக் காரணம் அந்த ஏற்பாடு.

மெய்ப்புப் பார்ப்பது ஒரு பாடவேளை

பள்ளியில் விக்கியைத் தொடங்க எது நல்ல வாசல் என்று கேட்டால், நான் விக்கிப்பீடியாவைச் சொல்ல மாட்டேன், விக்கிமூலத்தைச் சொல்வேன். பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அதைக் கணினி எழுத்தாக மாற்றி வைக்கும் தளம் அது. தமிழ்நாட்டு அரசு 1949இல் பாரதியின் படைப்புரிமையைப் பெற்றதில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்படிப்பட்ட நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை விக்கிக்குக் கொடுத்தது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன் எழுதிய நிரலைக் கொண்டு அவற்றின் பக்கங்களை எல்லாம் எழுத்துணரியில் ஓட்டி ஏற்றினார்கள். பல லட்சம் பக்கங்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் மனிதக் கண் ஒருமுறை பார்த்துப் பிழை நீக்க வேண்டும். அந்த வேலைதான் ஆளில்லாமல் கிடக்கிறது.

திரையில் ஒரு பக்கம் நூலின் படம், இன்னொரு பக்கம் கணினி படித்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்துவிட்டால் மஞ்சள். வேறொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. கணினி செய்யும் பிழைகளைப் பார்த்தாலே தமிழ் எழுத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். ‘ர’வையும் துணைக்காலையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ‘க’ என்ற எழுத்தும் ஒன்று என்ற பழைய தமிழ் எண்ணும் அதற்கு ஒன்றுதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை புதிது. பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்த்த பிள்ளை பிறகு தாத்தா வைத்திருக்கும் பழைய புத்தகத்தைத் தடங்கலின்றிப் படிக்கும்.

ஒரு வகுப்பில் நாற்பது பேர், வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம், ஆண்டில் முப்பது வாரம் என்று வைத்தால் 1,200 பக்கங்கள். ஐந்தாறு நூல்கள். தட்டச்சுப் பழக்கம், ஒற்று எங்கே மிகும் என்ற கவனம், வாசிப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தமிழ்ப் பாடவேளையில் வாரம் ஒன்றைக் கணினி அறைக்கு ஒதுக்கினால் போதும்.

எந்த நூலை எடுப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நாட்டுடைமையாகாத நூல், இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு முடிந்த பின்பே பொதுவுக்கு வரும். தேரூரில் பிறந்து, தானும் ஆசிரியராக இருந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மறைந்தது 1954இல். ஆகவே 2015 பிறந்ததிலிருந்து அவருடைய எழுத்து எல்லாருக்கும் உரியது. கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் மறைந்தது 1950இல், அவருடையதும் அப்படியே. 2005இல் மறைந்த எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் நூல்களை 2065 முடியும்வரை உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏற்றக் கூடாது. ஹெப்சிபா ஜேசுதாசனின் நூல்களுக்கும் அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்குப் பதிப்புரிமை என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க இதைவிட நேரான வழி தெரியவில்லை.

அச்சில் வராததை எங்கே எழுதுவது?

விக்கிப்பீடியாவில் எழுதப் போகும் ஊர்க்காரர் முதலில் முட்டிக்கொள்வது ஒரு விதியில். அச்சிலோ வேறு வழியிலோ வெளியான, நம்பத்தக்க ஆதாரம் இல்லாத செய்தியை அங்கே எழுதக் கூடாது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. எண்பத்தைந்து வயதுப் பெரியவர் 1954இல் தான் கண்டதைச் சொல்கிறார். பேத்தி அதை எழுதி விக்கிப்பீடியாவில் ஏற்றுகிறாள். மறுநாள் ஒரு பங்களிப்பாளர் சான்று இல்லை என்று அதை எடுத்துவிடுகிறார். பேத்திக்குக் கோபம் வரும். விதி நியாயமானது. யார் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொண்டால் கலைக்களஞ்சியம் நிற்காது. ஆனால் நம் ஊர்களின் அறிவில் பெரும் பங்கு அச்சில் ஏறவே இல்லை என்பதும் உண்மை. அதற்கு வேறு இடம் வேண்டும்.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நினைவு ஆறாத ஒரு தலைமுறை 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் விக்கி மென்பொருளில் நடப்பதுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இப்போது அதில் இருக்கின்றன: புத்தகம், நாளிதழ், சிற்றிதழ் இவற்றோடு பள்ளி ஆண்டுமலர், கோயில் மலர், நினைவு மலர், துண்டுப் பிரசுரம் எல்லாம். நம்மூர்ப் பள்ளிகளின் பொன்விழா மலர்கள், தேவாலய நூற்றாண்டு மலர்கள், பள்ளிவாசல் மலர்கள் எத்தனை வீட்டு அலமாரிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன! அவை ஏற்கெனவே அச்சானவை. உரியவர்களிடம் அனுமதி வாங்கி ஸ்கேன் செய்து வைத்தால், பின்னால் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் அவையே சான்றாகும்.

இன்னொரு விடை நம் மாவட்டத்திலிருந்தே வந்தது. தக்கலை தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர், பத்மநாபபுரத்தில் குடியிருந்தவர் எழுத்தாளர் ஜெயமோகன். 2022 மே மாதம் அமெரிக்காவில் வெளியீட்டு விழா நடத்தி அவர் தொடங்கிவைத்த தமிழ் விக்கியில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்கள், நாட்டார் கலைகள், அறிஞர்கள் பற்றி நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. நாட்டாரியல் ஆய்வாளர் அ. கா. பெருமாள் போன்றவர்களின் வாழ்நாள் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆசிரியர் குழு பார்த்து வெளியிடும் முறை அங்கே. விக்கிப்பீடியாவில் யாரும் தொகுக்கலாம். தமிழ் விக்கியில் அப்படி முடியாது. எது சிறந்தது என்று தமிழ் எழுத்துலகில் காரசாரமாக விவாதம் நடந்தது. என் தீர்ப்பு இது: வாசகனுக்கு இரண்டும் வேண்டும். பள்ளி மாணவனுக்கோ, தானே கை வைத்துத் திருத்தக் கூடிய விக்கிதான் பாடம் கற்பிக்கும். திருத்தப்படும் அனுபவம் கிடைப்பது அங்கேதான்.

பெரியவர் சொன்ன செய்திக்கு, பால்வெட்டுக்காரரின் கைப்பழக்கத்துக்கு, குளங்களின் பெயருக்கு உரிய இடம் பள்ளியின் சொந்த விக்கி. விக்கிப்பீடியாவையும் ஸ்கூல்விக்கியையும் நூலகத்தையும் தமிழ் விக்கியையும் இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு விலை கிடையாது. கல்குளம் வட்டத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே தளம் வைத்துக்கொள்ளலாம். யார் சொன்னார், எந்த ஊர்க்காரர், யார் எந்த நாளில் கேட்டு எழுதினார் என்று குறித்து வைத்தால் அதுவே ஆவணம்.

நம்பலாமா?

யார் வேண்டுமானாலும் எழுதுவதை எப்படி நம்புவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. விக்கியின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘வரலாறு’ என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் எந்த வரியை எந்தப் பயனர் எந்த நாள் எத்தனை மணிக்குச் சேர்த்தார் என்று காட்டும். ‘உரையாடல்’ பக்கத்தில் அந்த வரியைப் பற்றி நடந்த சண்டை இருக்கும். பொதுவான பேச்சுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று ஓர் இடம் உண்டு. எழுதிப் பழக மணல்தொட்டி உண்டு. வேறு எந்தப் பாடநூலும், எந்தச் செய்தித்தாளும் தன் அடித்தல் திருத்தல்களை இப்படித் திறந்து வைப்பதில்லை. ஒரு கட்டுரையின் வரலாற்றைத் திறந்து, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்து, எந்த வரிக்குச் சான்று இல்லை என்று கண்டுபிடிப்பதை ஒரு வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பும் வீட்டாருக்கும் அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதும் பழக்கம் வந்துவிட்டது. அந்த இயந்திரங்கள் படித்து வளர்ந்த நூல்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்ட பொருளைக் கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்கின்றன. தக்கலையைப் பற்றி, மட்டி வாழையைப் பற்றித் தமிழில் எழுதி வைக்கப்படாவிட்டால் அவை எதையாவது சேர்த்துக் கட்டிச் சொல்லும், நம் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊரின் வரலாறு என்று எழுதுவார்கள். எழுதி வைக்க வேண்டிய அவசரம் முன்னெப்போதையும்விட இப்போது அதிகம்.

தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் விக்கிப்பீடியா பொதுவாக அனுமதிக்காது. வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் சேர்க்கப் போனால் ஏழாவது பிள்ளையோடு நின்றுவிடும். முன்கூட்டியே ஆலமரத்தடியில் சொல்லி நிர்வாகிகளின் உதவியைக் கேளுங்கள். பிள்ளைகள் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம்; புனைபெயர் போதும், ஊர் முகவரியும் முகப்படமும் வேண்டவே வேண்டாம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள்; அலைபேசியில் பேசினாலும் எழுத்தாகும், பிறகு பிழை திருத்தலாம். பேச்சிப்பாறைக்கு மேலே, காணி மக்களின் குடியிருப்புகளில் உள்ளதுபோல் சிக்னல் எட்டாத பள்ளிகளுக்குக் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய் இணையமே இல்லாமல் படிக்கலாம்.

பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விக்கிப் பக்கம் கொடுங்கள். கேரளம் 2009இல் தொடங்கியதை நாம் இப்போதாவது தொடங்கலாம். எல்லையோர மாவட்டமான கன்னியாகுமரியிலேயே முதல் சோதனையை நடத்தலாம்; தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மலையாளம் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள், ஸ்கூல்விக்கியை நேரில் போய்ப் பார்த்துவர ஒரு பஸ் டிக்கெட் போதும். திட்டப்பணி மதிப்பெண்ணை விக்கியில் எழுதிய பக்கத்துக்கும் கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை முடியும்.

துறை முடிவெடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. தக்கலை வட்டாரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அய்யா, டீச்சர், விக்கிமூலத்தில் சிவப்பாகக் கிடக்கும் பக்கங்கள் உங்களைப் போன்றவர்களின் கண்ணுக்குத்தான் காத்திருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் பள்ளியின் ஆண்டுமலர் வீட்டில் இருந்தால் ஸ்கேன் செய்து பள்ளிக்கு அனுப்புங்கள். பெற்றோர்களே, 1954ஐப் பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அலைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதட்டும்.